அடிச்சட்டம் உளுத்ததற்கு ஜன்னலையே கழற்றுவதா?

புதுச்சேரியின் பாரம்பரியக் கட்டடங்களைக் கவனிக்கும் அதிகாரிகளுக்கு,

வணக்கம். தமிழர் பகுதியில் எங்கள் வீடு. கீழே திண்ணை, தாழ்வாரம், முற்றம். மாடியில் பிரெஞ்சு பாணியில் வளைவு ஜன்னல்கள் ஏழு. கதவுகளில் சாய்வுப் பலகைகள் இருப்பதால் வெயிலும் சாரலும் வெளியே நிற்கும், காற்று மட்டும் உள்ளே வரும். பழைய பர்மா தேக்கு. ஆனாலும் மூன்று ஜன்னல்களில் அடிச்சட்டம் உளுத்துவிட்டது. மழைத்தண்ணீர் தேங்குவது அங்கேதான். கடல் காற்றில் கீலும் கொண்டியும் துருவேறிவிட்டன.

இதைச் சொன்னால் கடைக்காரர்கள் எல்லாரும் ஒரே பதில்தான் தருகிறார்கள்: கழற்றிப் போட்டுவிட்டு அலுமினியம் வையுங்கள். மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தின கதை. உளுத்தது நாலு விரல் உயரத்துக்குத்தான். அதை வெட்டி எடுத்துவிட்டுப் பழைய தேக்கிலேயே துண்டு வைத்து ஒட்டிவிடலாம். அதற்குக் கைப்பழக்கம் உள்ள ஆசாரி வேண்டும், அவ்வளவுதான்.

நானும் யோக்கியன் இல்லை. பின்பக்க அறையில் ஒரு ஜன்னலை எடுத்துவிட்டு நகர்த்தும் அலுமினியக் கதவு போட்டேன். இரண்டு கண்ணாடியில் ஒன்று எப்போதும் மூடியே இருக்கும், பாதிக் காற்றுதான். சுற்றிச் சிமென்ட் பூசினார்கள். சுண்ணாம்புச் சுவர் அதோடு ஒட்டாமல் விரிசல் விட்டுவிட்டது.

வெளித்தோற்றத்தை மாற்றாதே என்கிறீர்கள். சரி, மாற்ற மாட்டோம். ஆனால் மக்கள் ஏன் மாற்றுகிறார்கள் என்றும் பாருங்கள். கொசு, ஏசி, தெருச்சத்தம். மரக்கதவை அப்படியே விட்டுவிட்டு, உட்புறம் வலையோ கண்ணாடியோ போட்ட இன்னொரு சட்டம் வைத்தால் இந்த மூன்றுக்கும் வழி கிடைக்கும். இங்கிலாந்தில் பாரம்பரியக் கட்டடம் என்று அரசு பட்டியலிட்ட பழைய வீடுகளில் குளிருக்காக இப்படித்தான் உள்கண்ணாடி போடுகிறார்கள். இதற்கு அனுமதி உண்டு என்று நீங்கள் தெளிவாக எழுதி வைத்தாலே பாதிப்பேர் அலுமினியக் கடைக்குப் போக மாட்டார்கள். அப்புறம், பழுது பார்ப்பதையும் மாற்றுவதையும் ஒரே தராசில் வைக்காதீர்கள். அடிச்சட்டத்துக்கு ஒட்டுப் போட அனுமதி கேட்க ஒரு படமும் ஒரு கடிதமும் போதாதா?

கடற்கரையில் மேரி கட்டடம், அதாவது பிரெஞ்சுக்காரர் காலத்து நகர மண்டபம், 2014 நவம்பர் மழையில் இடிந்து விழுந்தது. அதே தோற்றத்தில் திரும்பக் கட்டி 2021இல் திறந்தாயிற்று. பெரிய கட்டடம், எல்லார் கண்ணிலும் பட்டது. வீட்டு ஜன்னல் அப்படிச் சத்தம் போட்டு விழாது. மழைக்கு ஒரு பலகையாகப் போகும். வைசியாள் வீதியில் ஐரோப்பிய ஒன்றிய உதவியோடு வரிசையாக வீட்டு முகப்புகளைச் சீர்செய்தார்கள், 2008இல் யுனெஸ்கோ விருதும் வந்தது. அந்த மாதிரி வேலை பார்த்த ஆசாரிகள், கொத்தனார்களின் பெயர்ப் பட்டியல் ஒன்றை வெளியிடுங்கள். மானியம் தந்தால் சந்தோஷம். இல்லாவிட்டாலும் பட்டியல் வேண்டும்.

ஐப்பசி மழைக்கு முன்னால் பதில் வந்தால் மூன்று ஜன்னலையும் இந்த வருஷமே முடித்துவிடுவேன். இப்போதைக்குச் சாக்கு கட்டி வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு பழைய வீட்டுக்காரன்