பீரோவுக்குக் கேமரா வாங்காதீர்கள்: பள்ளி மேலாண்மைக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

எங்கள் ஊர் நடுநிலைப் பள்ளியின் மேலாண்மைக் குழுவினருக்கும், வெளியூரிலிருந்து பணம் அனுப்பும் முன்னாள் மாணவத் தம்பி தங்கைகளுக்கும்,

வணக்கம். பிள்ளைகளுக்குக் கேமரா வாங்கப்போகிறீர்கள் என்று கேள்விப்பட்டேன். வயல், வாய்க்கால், பறவை, கோயில் குளம் என்று அவர்களே ஊரைப் படம் பிடித்து ஆண்டு விழாவில் கண்காட்சி வைப்பார்களாம். கேட்கவே மனசு நிறைந்தது. ஆனால் லென்ஸைக் கழற்றி மாட்டுகிற பெரிய டிஎஸ்எல்ஆர் கேமரா ஒன்று, லென்ஸ் இரண்டு, தோள்பை என்று கொட்டேஷன் வாங்கியிருக்கிறீர்கள் என்றும் சொன்னார்கள். அதற்காகத்தான் இந்த மடல். மன்னார்குடிப் பக்கம் முப்பது வருஷமாக ஸ்டுடியோ வைத்திருப்பவன் நான். கேமரா விற்பவன் இல்லை, அதனால் கூச்சமில்லாமல் சொல்லலாம்.

சில வருஷங்களுக்கு முன்னால் வேறொரு பள்ளியிலிருந்து ஒரு கேமராவைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். "படமெல்லாம் புகை மூட்டமா வருது சார்." யாரோ ஒரு புண்ணியவான் கொடுத்த நல்ல கேமரா. பிள்ளைகள் போட்டு உடைத்துவிட்டால் யார் பதில் சொல்வது என்று பையோடு பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டார்கள். சுதந்திர தினம், ஆண்டு விழா, அதிகாரி வருகை, இவ்வளவுக்குத்தான் வெளியே வரும். லென்ஸைக் கழற்றி விளக்குக்கு நேரே பிடித்தேன். கண்ணாடிக்குள்ளே சிலந்தி நூல் மாதிரி வெள்ளை நரம்பு ஓடியிருந்தது. ஃபங்கஸ், அதாவது பூஞ்சை. காற்றில் ஈரம் 60 சதவீதத்துக்கு மேல் நின்றாலே அது பிடிக்கப் பார்க்கும். ஐப்பசி, கார்த்திகையில் நம் பக்கம் 80-ஐத் தாண்டுவது சகஜம். போதாக்குறைக்கு இருட்டு, அடைசல், ஈரம் குடித்த துணிப்பை. நாற்றங்கால்கூட அவ்வளவு பக்குவமாக அமையாது. கடைசிப் படத்தின் எண்ணைப் பார்த்தேன்: நானூற்றுச் சொச்சம். நான் ஒரே கல்யாணத்தில் அதற்கு மேல் எடுப்பேன்.

இன்னொரு கேமராவின் கதையையும் கேளுங்கள். என் பேத்திக்கு ஏழு வயதில் தண்ணீர் புகாத சின்னக் கேமரா ஒன்று வாங்கிக் கொடுத்தேன். மேட்டூர் திறந்து பாமணியாற்றில் தண்ணீர் வந்த சமயம். வரப்பில் குப்புறப் படுத்து நண்டு வளைக்கு முன்னால் கேமராவை வைத்துக்கொண்டு கிடந்தாள். அரை மணி நேரம் இருக்கும். நண்டு கொடுக்கை நீட்டியதும் பயந்து கையை உதற, கேமரா உருண்டு சேற்றுக்குள் போனது. நான் பதறுவதற்குள் அவளே எடுத்து வாய்க்கால் தண்ணீரில் அலசி, பாவாடையில் துடைத்துவிட்டு மறுபடி படுத்துக்கொண்டாள். அப்புறம் எடுத்த படத்தில் பாதிக்கு மேல் சேறு, ஓரத்தில் ஒரு கொடுக்கு, அதுவும் கொஞ்சம் கலங்கல். ஆனால் நண்டின் உயரத்திலிருந்து வயலைப் பார்த்த படம் என் ஸ்டுடியோவில் அது ஒன்றுதான் மாட்டியிருக்கிறது.

அதனால் நான் கேட்பது இதுதான். அந்த ஒரு டிஎஸ்எல்ஆர் காசுக்கு இப்படி முரட்டுக் கேமரா மூன்று, நான்கு வாங்குங்கள்.

வாங்கும்போது முதலில் லென்ஸைப் பாருங்கள். ஆன் செய்ததும் மூக்கு நீட்டுகிற வகை வேண்டவே வேண்டாம். என்னிடம் ரிப்பேருக்கு வருகிற சின்னக் கேமராக்களில் பெரும்பாலும் அந்த மூக்கில் மணல் போய்ச் சிக்கியதுதான். தண்ணீர் புகாத கேமராக்களில் லென்ஸ் உடம்புக்குள்ளேயே அடங்கியிருக்கும், வெளியே நீளாது. கோடக் பிக்ஸ்ப்ரோ டபிள்யூபிஇசட்2 என்று ஒன்று: 15 மீட்டர் ஆழம், 2 மீட்டர் உயரத்து விழுதல் வரை தாங்கும் என்கிறார்கள். 2023-இல் வந்த ஓஎம் சிஸ்டம் டிஜி-7-உம் 15 மீட்டர் தாங்கும், விழுதலுக்கு 2.1 மீட்டர். படமும் அருமை, ஆனால் விலை நமக்குக் கட்டாது. ஐந்தாம் வகுப்புப் பிள்ளையின் கையிலிருந்து நழுவுவதற்கு முதலாவது போதும்.

இந்தக் கேமராக்களின் உயிர், பேட்டரிக் கதவைச் சுற்றியிருக்கும் ரப்பர் வளையத்தில் இருக்கிறது. அதில் ஒரு மணல் துகள், ஒரு தலைமுடி ஒட்டியிருந்தாலும் தண்ணீர் உள்ளே போய்விடும். கதவைத் திறப்பது ஆசிரியர் மட்டும், அதுவும் உலர்ந்த கையோடு வகுப்பறையில் என்று வைத்துக்கொள்ளுங்கள். முத்துப்பேட்டை, கோடியக்கரை என்று சுற்றுலா போய் உப்புத் தண்ணீர் பட்டால், கதவு மூடியிருக்கும்போதே நல்ல தண்ணீரில் ஊறவைத்து அலச வேண்டும். பழையது மலிவாகக் கிடைக்கிறதே என்று ஆசைப்படாதீர்கள், ரப்பர் இறுகிப்போயிருக்கும். தப்பித் தவறித் தண்ணீர் போய்விட்டால் அரிசிப் பானையில் புதைக்கிற நம்ம ஊர் வைத்தியமும் வேண்டாம். தவிட்டுத் தூள்தான் உள்ளே போகும்.

பொம்மைக் கடையில் காது வைத்த கேமரா விற்கிறார்களே, டப்பாவில் 48 மெகாபிக்சல் என்று போட்டு? உள்ளே வெளிச்சத்தைப் படமாக்குகிற சென்சார் ரொம்பச் சின்னது, மோரில் தண்ணீர் விட்டுப் பெருக்குகிற கதை. ஆறுக்கு நாலு பிரிண்ட் போட 22 லட்சம் புள்ளி போதும், ஏ4 அளவுக்குப் போட 90 லட்சம். நிஜமான 10 மெகாபிக்சல், அதாவது ஒரு கோடி புள்ளி, இருந்தால் கண்காட்சியே நடத்திவிடலாம். நான் சொல்லும் முரட்டுக் கேமராக்களில் சிம் கார்டு, கேம் எதுவும் இல்லாமல் இருப்பது நல்லதே. எடுத்த படத்தை ஆசிரியர் பார்த்த பிறகே வெளியே விடலாம். ஊர்ப் பெண்களும் படித்துறையில் நிம்மதியாக இருப்பார்கள்.

"செல்போன் இருக்கே, அதுலயே எடுக்கட்டும்" என்றும் ஒருவர் சொன்னாராம். யாருடைய செல்போன்? அப்பா வீட்டுக்கு வந்தால்தானே பிள்ளை கைக்கு அது கிடைக்கும்!

குழந்தை கையில் கேமரா கொடுப்பது புதிய விஷயமும் இல்லை. 1900-இல் ஈஸ்ட்மன் கோடக் ஒரு டாலருக்கு விற்ற பிரவுனி, அட்டைப் பெட்டியில் செய்த கேமரா. பிள்ளைகளை நினைத்தே அதை விளம்பரம் செய்தார்கள். நான் பழகியது அப்பாவின் அக்ஃபா கிளிக் 3-இல். ரோலுக்கு 12 படம், பதின்மூன்றாவது கேட்டால் முதுகில் ஒன்று விழும். அந்தக் கணக்கை மட்டும் நீங்கள் எடுத்துக்கொள்ளலாம், ஒரு பிள்ளைக்கு ஒரு முறைக்கு 12 படம். எடுப்பதற்கு முன்னால் பார்ப்பார்கள்.

உடைந்தால் பிள்ளையிடமோ ஆசிரியரிடமோ காசு கேட்பதில்லை என்று குழுவில் தீர்மானம் போட்டு மினிட் புத்தகத்தில் எழுதிவிடுங்கள். அது இல்லையென்றால் நாலு கேமராவும் பீரோவுக்குத்தான் போகும். இரவில் வைக்க எவர்சில்வர் சம்படம் போதாது, ரப்பர் மூடி போட்ட பிளாஸ்டிக் டப்பாவும் ஈரம் உறிஞ்சுகிற சிலிக்கா ஜெல் பொட்டலமும் நான் தருகிறேன்.

சனிக்கிழமை கடை அரை நாள்தான். பேத்தியின் கேமராவோடு வருகிறேன், குழுவினர் எல்லோரும் ஒரு தடவை பள்ளி சிமெண்டுத் தரையில் போட்டுப் பாருங்கள். ஒப்புக்கொண்டால் முதல் வகுப்பை, ஆறு மூன்றாகப் பிரிகிற நீடாமங்கலம் மூணாறு தலைப்பில் வைத்துக்கொள்ளலாம். வேன் வாடகையில் பாதி என்னுடையது.

இப்படிக்கு,
இதே பள்ளியில் படித்த ஸ்டுடியோக்காரர்