குவின்சியில் நாம் பார்த்த கல்லறைகள்

கதிர் கண்ணா,

உன் அக்கா எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். அவள்மேல் கோபப்படாதே, நான்தான் துருவித் துருவிக் கேட்டேன். மூன்று மாதமாக ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் "வேலை ஜாஸ்திம்மா" என்று நீ போனில் சொல்லும்போதெல்லாம் உன் குரல் சரியில்லை என்று எனக்குத் தெரிந்துகொண்டேதான் இருந்தது. ஆட்குறைப்பில் உன் பதவி போய்விட்டது, இப்போது கிடைத்திருப்பது பத்து வருஷத்துக்கு முன் நீ பார்த்த மாதிரியான வேலை, உன்னிடம் வேலை கற்றுக்கொண்ட பையனுக்குக் கீழே உட்கார வேண்டும், அதில் சேருவதா வேண்டாமா என்று தவிக்கிறாய். எல்லாம் தெரிந்துவிட்டது. போனில் பேசினால் அழுதுவிடுவேன், அதனால் எழுதுகிறேன்.

போன செப்டம்பரில் ரெட் லைன் ரயிலில் பாஸ்டன் பக்கத்தில் இருக்கிற குவின்சிக்கு என்னை அழைத்துப்போனாயே, ஞாபகம் இருக்கிறதா? தேவாலயத்துக்கு அடியில் நான்கு கல்லறைகள் இருந்தன. ஜான் ஆடம்ஸ், அவர் மனைவி அபிகெய்ல், மகன் ஜான் குவின்சி ஆடம்ஸ், மருமகள் லூயிசா. அப்பாவும் பிள்ளையும் அமெரிக்க ஜனாதிபதிகள் என்று நீ சொன்னபோது சும்மா தலையாட்டினேன். ஊருக்கு வந்த பிறகு அந்த மகனைப் பற்றித் தேடித்தேடிப் படித்தேன், இந்த மூன்று மாதத்தில் இன்னும் அதிகமாக.

அவருக்கு வாழ்க்கை சின்ன வயதிலேயே ஆரம்பித்துவிட்டது. ஏழு வயதில் அம்மாவோடு ஒரு குன்றின் மேல் நின்று, அமெரிக்கச் சுதந்திரப் போரில் நடந்த பங்கர் ஹில் சண்டையைப் பார்த்திருக்கிறார். பத்து வயதில் அப்பாவோடு பிரான்சுக்குக் கப்பல் ஏறினார். பதினான்கு வயதில், பிரெஞ்சு நன்றாகத் தெரியும் என்பதால், ரஷ்யாவுக்குப் போன அமெரிக்கத் தூதருக்குச் செயலாளராக செயின்ட் பீட்டர்ஸ்பர்க் வரை போனார். அப்புறம் ஹார்வர்டு, நான்கு நாடுகளில் தூதர் பணி, 1812-இல் பிரிட்டனோடு மூண்ட போரை முடித்த கென்ட் உடன்படிக்கை, எட்டு வருஷம் வெளியுறவு அமைச்சர், 1825-இல் ஜனாதிபதி.

அந்த ஜனாதிபதி பதவி அவருக்குச் சந்தோஷம் தரவில்லை. அங்கே மாநிலங்களின் தேர்வாளர்கள் போடும் வாக்குதான் ஜனாதிபதியை முடிவு செய்யும். 1824 தேர்தலில் ஆண்ட்ரூ ஜாக்சனுக்கு 99 தேர்வாளர் வாக்குகள், இவருக்கு 84. யாருக்கும் பெரும்பான்மை இல்லாததால், நம் லோக்சபா மாதிரியான பிரதிநிதிகள் சபை கூடி இவரைத் தேர்ந்தெடுத்தது. தனக்கு ஆதரவு தந்த ஹென்றி கிளேயை வெளியுறவு அமைச்சராக்கியதும், இது பேரம் என்று எதிர்த்தரப்பு நான்கு வருஷமும் விடாமல் சொல்லிக்கொண்டே இருந்தது. 1828-இல் ஜாக்சனிடமே படுதோல்வி. 61 வயதில் வீட்டுக்கு வந்தார்.

இனிமேல்தான் நான் உனக்குச் சொல்ல வந்தது. 1830-இல் அவரைப் பிரதிநிதிகள் சபைக்கு நிற்கச் சொன்னார்கள். நாட்டையே ஆண்டவர், ஒரே ஒரு தொகுதியின் சாதாரண உறுப்பினராக, நேற்றுவரை தன் அறைக்கு வெளியே காத்திருந்தவர்களோடு போய் உட்கார வேண்டும். மனைவிக்கும் மகனுக்கும் அது பிடிக்கவில்லை. அவரோ, மக்கள் கூப்பிட்டால் ஊர் நிர்வாகத்தில் ஒரு சின்னப் பொறுப்பில் இருப்பதுகூட இழிவில்லை என்றார். ஜெயித்த பிறகு, ஜனாதிபதியானபோது கிடைத்த மகிழ்ச்சி இதில் பாதிகூட இல்லை என்று தன் நாட்குறிப்பில் எழுதி வைத்தார். சின்னப் பையனாக இருந்தபோது தொடங்கிய நாட்குறிப்பு அது, 51 தொகுதிகள் வந்திருக்கின்றன.

அந்தச் சின்ன நாற்காலியில் பதினேழு வருஷம் இருந்தார் கண்ணா. அடிமை முறைக்கு எதிரான மனுக்களை விவாதிக்கவே கூடாது என்று 1836-இல் சபை ஒரு வாய்ப்பூட்டு விதி கொண்டுவந்தது. இவர் விடாமல் மனுக்களைக் கொண்டுவந்துகொண்டே இருந்தார், மற்றவர்கள் கத்திக் கூச்சல் போட்டாலும் எழுந்து நிற்பார். 1842-இல் அவர்மேல் கண்டனத் தீர்மானமே கொண்டுவந்தார்கள், நாள்கணக்கில் தனியாக வாதாடி அதைத் தோற்கடித்தார். 1844 டிசம்பரில் அந்த விதி ஒழிந்தது. நடுவில் 1841-இல், அமிஸ்டாட் கப்பலில் தங்களை அடிமைகளாகக் கொண்டுபோனவர்களை எதிர்த்துக் கலகம் செய்து பிடிபட்ட ஆப்பிரிக்கர்களுக்காக உச்ச நீதிமன்றத்தில் வாதாடினார். அப்போது வயது 73, அந்த நீதிமன்றத்தில் வாதாடி முப்பது வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. முதல் நாள் மட்டும் நான்கு மணி நேரத்துக்கு மேல் பேசினார். அவர்கள் விடுதலையானார்கள், உயிரோடிருந்தவர்கள் அடுத்த வருஷம் சொந்த மண்ணுக்கே போய்ச் சேர்ந்தார்கள். ஜனாதிபதியாக இருந்த நான்கு வருஷத்தில் அவர் செய்தது எதுவும் இதற்கு ஈடாகாது என்றுதான் எனக்குப் படுகிறது.

1848 பிப்ரவரி 21 அன்று சபையில் தன் இருக்கையிலேயே சரிந்தார். தூக்கிக்கொண்டு போக வழியில்லாமல் அதே கட்டடத்தில் சபாநாயகர் அறையில் படுக்க வைத்தார்கள், இரண்டு நாளில் உயிர் போயிற்று. அப்போது அந்தச் சபையில் புதிதாக வந்திருந்த உறுப்பினர்களில் ஆபிரகாம் லிங்கனும் ஒருவர்.

இதைப் படித்து முடித்ததும் உனக்கு உடனே சொல்ல வேண்டும் என்றிருந்தது. ஆனால் அதற்குப் பிறகு படித்தது என்னைத் தூங்கவிடவில்லை. பத்து வயதில் கடல் கடந்து போன பிள்ளைக்கு அபிகெய்ல் எழுதிய கடிதத்தில், நீ ஒழுக்கம் கெட்டுப்போவதைவிட அந்தக் கடலிலேயே போயிருக்கலாம் என்று எழுதியிருக்கிறாள். பெற்றவள் எழுதுகிற எழுத்தா அது? அப்பா 1794-இல், நீ நாட்டின் தலைமைக்கு வரவில்லை என்றால் உன் சோம்பேறித்தனமும் பிடிவாதமும்தான் காரணம் என்று எழுதினார். இப்படி வளர்ந்தவர் தன் பிள்ளைகளையும் அப்படியே வளர்த்தார். ஹார்வர்டில் பின்தங்கியிருந்த மகன் ஜானிடம் கிறிஸ்துமஸுக்கு வீட்டுக்கு வராதே, உன்னைப் பார்த்தால் எனக்கு வருத்தமும் வெட்கமும்தான் வரும் என்று எழுதினார். மூத்த மகன் ஜார்ஜ், அப்பா பதவி இழந்த இரண்டே மாதத்தில், பெற்றோரைப் பார்க்க வருகிற வழியில் நீராவிக் கப்பலிலிருந்து கடலில் விழுந்து இறந்தான். 28 வயது. ஐந்து வருஷம் கழித்து அந்த ஜானும் போய்விட்டான்.

உன் பிளஸ் டூ ரிசல்ட் வந்த அன்று நினைவிருக்கிறதா? கணக்கில் இருநூற்றுக்கு 161. நான்கு நாள் உன்னிடம் பேசாமல் இருந்தேன், சாப்பாட்டுத் தட்டை மேஜையில் வைத்துவிட்டு உள்ளே போய்விடுவேன். நீ அதைப் பற்றி ஒருநாளும் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை. இந்த மூன்று மாதம் நீ என்னிடம் மறைத்ததற்கு அந்த நான்கு நாள்தான் காரணம் என்று நினைக்கிறேன். தப்பு என்னுடையது கண்ணா, மன்னித்துவிடு.

அந்த வேலையில் சேரலாம் என்பது என் எண்ணம். வேண்டாம் என்று நீ முடிவு செய்தாலும் சரி. உன் பதவியைக் கேட்கிற சொந்தக்காரர்களுக்கு நான் பதில் சொல்லிக்கொள்கிறேன், அதை நீ சுமக்க வேண்டாம். பொங்கலுக்கு டிக்கெட் போடு, பணம் இடித்தால் சொல், என் பென்ஷன் பணம் பாங்க்கில்தான் கிடக்கிறது. நார்த்தங்காய் போட்டு வைத்திருக்கிறேன். இந்த ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணும்போது வேலை ஜாஸ்தி என்று மட்டும் சொல்லாதே.

அம்மா