நூலகத்துக்கு வராதவர்களிடமும் கேளுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

எங்கள் ஊராட்சியில் வீட்டு வரி கட்டும்போது நூலக வரியும் சேர்த்தே கட்டுகிறோம். சொத்து வரியில் ரூபாய்க்குப் பத்துக் காசு. விடுதலைக்குப் பின் நாட்டில் வந்த முதல் பொது நூலகச் சட்டம் சென்னை மாகாணத்தின் 1948ஆம் ஆண்டுச் சட்டம்தான். அது காட்டிய வழியில்தான் இன்றுவரை நம் நூலகங்களுக்கு மக்கள் பணம் போய்ச் சேருகிறது. ஆனால் நூலகம் எந்த நேரத்தில் திறந்திருந்தால் உங்களுக்கு உதவும், அங்கே என்ன இருக்க வேண்டும் என்று பணம் கட்டும் எங்களிடம் எவரும் கேட்டு நான் பார்த்ததில்லை.

எங்கள் ஊர்ப்புற நூலகத்தில் கருத்துப் பதிவேடு ஒன்று இருக்கிறது. "போட்டித் தேர்வு நூல்கள் கூடுதலாக வேண்டும்", "இன்னொரு நாளிதழ் வாங்கலாம்" என்று எழுதியிருக்கிறார்கள். நியாயமான கோரிக்கைகள்தான். ஆனால் அவற்றை எழுதியவர்கள் ஏற்கெனவே உள்ளே வந்து உட்கார்ந்தவர்கள். வாசற்படி ஏறாதவர்களின் குரல் அந்தப் பதிவேட்டில் எப்படி வரும்?

எங்கள் தெருப் பெண்கள் பலர் நடவுக்கும் களையெடுப்புக்கும் போகிறவர்கள். நூலகம் திறந்திருக்கும் நேரத்தில் வயலில் நிற்பார்கள். வீடு திரும்பும்போது அது பூட்டியிருக்கும். அவர்களிடம் பேசியபோது யாரும் முதலில் புத்தகத்தின் பெயரைச் சொல்லவில்லை. பயிர்க் காப்பீட்டு விண்ணப்பத்தையும் வாரிசுச் சான்றிதழ் விண்ணப்பத்தையும் நிரப்ப, விவரம் தெரிந்த ஒருவர் உதவினால் போதும் என்றார்கள். பிள்ளைகள் இரவு ஏழு மணிக்கு மேல் விளக்கு வெளிச்சத்தில் உட்கார்ந்து படிக்க இடம் கேட்டார்கள். கண் மங்கிய மாமியாருக்குப் பெரிய எழுத்துக் கதைப் புத்தகம் கிடைக்குமா என்று ஒருவர் கேட்டார். அரசுப் பணித் தேர்வுக்குப் படிக்கும் பெண்களின் குறை வேறு. கழிப்பறை இல்லாததால் இரண்டு மணி நேரத்துக்கு மேல் அங்கே இருக்க முடிவதில்லை என்றார்கள். எத்தனை புத்தகம் இரவல் போனது என்று கணக்குப் பார்த்துத் திட்டமிட்டால் இதில் ஒன்றுகூடக் கண்ணில் படாது.

மக்களின் பொழுதுக்கு ஏற்ப நூலகம் நகர்வது எங்கள் வட்டாரத்துக்குப் புதிதல்ல. 1931இல் கனகசபைப் பிள்ளை மன்னார்குடிப் பக்கத்துக் கிராமங்களுக்கு மாட்டுவண்டியில் புத்தகம் அனுப்பினார். சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன் நூலகவியலின் ஐந்து விதிகளை நூலாக வெளியிட்டதும் அதே ஆண்டில்தான். ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்குரிய நூல், வாசகரின் நேரத்தைக் காத்தல் என்பவை அவற்றில் இரண்டு. வாசகர் யார், அவருக்கு எப்போது நேரம் இருக்கிறது என்று விசாரிக்காமல் இந்த இரண்டையும் எப்படி நிறைவேற்றுவது?

இதற்குப் பெரிய செலவு தேவையில்லை. ரேஷன் கடை வரிசையிலும், நூறு நாள் வேலை நடக்கும் இடத்திலும், பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்திலும் போய்க் கேட்கலாம். எழுதத் தெரியாதவர் வாயால் சொல்வதைக் குறித்துக்கொள்ள மகளிர் சுய உதவிக் குழுவினரும் வாசகர் வட்டத்தினரும் இருக்கிறார்கள். தனியாளாகக் கதவைத் திறந்து, பெருக்கி, பதிவும் போடும் ஊர்ப்புற நூலகர் தலையில் இதையும் கட்டுவது தவறு. "என்ன புத்தகம் வேண்டும்?" என்று மட்டும் கேட்டால் போதாது. "உங்களுக்கு எந்த நேரம் ஓய்வு? எந்த விவரத்துக்காக அலைகிறீர்கள்? நூலகத்துக்கு வராமல் தடுப்பது எது?" என்றும் கேட்க வேண்டும்.

கேட்டபின் பதில் வர வேண்டும் என்பதையே நான் மிக அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். வந்த கோரிக்கைகள் எவை, எதைச் செய்தோம், எதை ஏன் செய்ய முடியவில்லை என்று நூலக வாசலில் எழுதி ஒட்டட்டும். முடியாது என்ற பதிலைக்கூடக் காரணத்தோடு சொன்னால் மக்கள் ஏற்றுக்கொள்வார்கள். பதிலே வராவிட்டால் அடுத்த முறை வாய் திறக்க மாட்டார்கள்.

ஆண்டுக்கு ஆறு முறை கிராம சபை கூடுகிறது. வரும் அக்டோபர் 2 கூட்டத்தின் பொருள் நிரலில் நூலகத்தையும் சேர்க்குமாறு ஊராட்சி நிர்வாகங்களைக் கேட்டுக்கொள்கிறேன். அன்று மக்கள் சொல்வது தீர்மானப் புத்தகத்தில் ஏறி மாவட்ட நூலக அலுவலருக்குப் போகட்டும். எங்கள் ஊருக்கு முதல் கோரிக்கை பெண்களுக்கான கழிப்பறை. அடுத்தது, நடவு, அறுவடை மாதங்களில் இரவு எட்டரை வரை திறந்திருக்கும் நூலகம்.

இப்படிக்கு,
ஊர்ப்புற நூலக வாசகி ஒருவர்,
திருவாரூர் மாவட்டம்.