செயலாளரின் ஆண்டறிக்கை: ஜார்ஜ் சத்திரமும் நம் சந்தா பாக்கியும்

உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

பொங்கல் விழா நடந்தது. செயற்குழு ஐந்து முறை கூடியது. கோடைச் சுற்றுலா மழையால் தள்ளிப்போனது, அப்புறம் நடக்கவே இல்லை.

என் நேரமெல்லாம் போனது லண்டன் பாலத்துக்குத் தெற்கே, பரோ ஹை ஸ்ட்ரீட்டில் சந்துக்குள் இருக்கும், இப்போது பப்பாக நடக்கும் ஜார்ஜ் சத்திரத்துக்கு. "பப் பார்க்கச் சங்கம் எதற்கு" என்று கேட்டவர்களுக்கு இங்கேயே சொல்லிவிடுகிறேன். தெற்கிலிருந்து லண்டன் நகருக்குள் போக நெடுங்காலம் அந்த ஒரே பாலம்தான், அதனால்தான் அந்தத் தெரு நெடுகச் சத்திரங்கள் இருந்தன. 1676-ல் அந்தத் தெரு இருக்கும் சதக் (Southwark) பகுதியில் பற்றிய பெருந்தீயில் ஜார்ஜும் எரிந்து, அடுத்த ஆண்டே திரும்பக் கட்டினார்கள். குதிரை வண்டிகள் வந்து நிற்க முற்றம், அதைப் பார்த்தபடி மாடியில் மரத் தாழ்வாரங்கள், அறைகளுக்குப் போகும் நடைபாதையே அவைதான். 1889-ல் கிரேட் நார்தர்ன் ரயில்வே நிறுவனம் கிடங்கு கட்டுவதற்காகப் பெரும்பகுதியை இடித்தது, நின்றது தெற்குப் பக்கம் மட்டும். லண்டனில் தாழ்வாரத்தோடு மிஞ்சிய வண்டிச் சத்திரம் இது ஒன்றே. 1937 முதல் பழைய கட்டடங்களைப் பாதுகாக்கும் அமைப்பான நேஷனல் டிரஸ்ட் பார்த்துக்கொள்கிறது. முற்றத்தில் நின்று அந்த மரக் கைப்பிடிகளை அண்ணாந்து பார்த்துவிட்டு, எதிர்ப்பக்கமும் அப்படியே இருந்திருந்தால் எப்படி இருக்கும் என்று ஒரு நிமிடம் நினைத்துப் பாருங்கள், எனக்கு மனசு ஆறவே இல்லை.

இதை எட்டுப் பக்கக் கையேடாகத் தமிழில் எழுதி, படங்களும் எடுத்து வைத்திருக்கிறேன். சத்திரத்தைப் பார்க்கச் சங்கம் ஏற்பாடு செய்த நடைக்குப் பெயர் கொடுத்தவர்கள் 31 பேர், வந்தவர்கள் 9 பேர். ஸ்டேஷன் வாசலில் நாற்பது நிமிடம் காத்திருந்தோம், வர முடியாதென்று தகவல் சொன்னவர்கள் இரண்டே பேர். வந்த ஒன்பது பேரும் மூன்று மணி நேரம் கூடவே நின்று கேட்டார்கள், அவர்களுக்கு என் நன்றி.

கணக்கு வரவும் செலவும் ஏறக்குறைய சரிக்குச் சரி, விவரம் பொருளாளரிடம் இருக்கிறது. ஆனால் பாதிப் பேருக்கு மேல் சந்தா கட்டவில்லை, சிலருக்கு இது இரண்டாம் ஆண்டு. கையேடு அச்சுக்குப் போகாமல் இருப்பதற்குக் காரணம் அதுதான். செயற்குழுவுக்கும், மண்டபம் ஏற்பாடு செய்தவர்களுக்கும், சமையல் பொறுப்பை ஏற்ற சகோதரிகளுக்கும் நன்றி.

அடுத்த ஆண்டும் செயலாளராக இருக்க எனக்குச் சம்மதம்தான், ஆனால் தனியாக முடியாது, கூட நிற்க இரண்டு பேராவது வேண்டும். பாக்கி இந்த மாதத்துக்குள் வந்துவிட்டால் மே மாத நடைக்குக் கையேடு உங்கள் கையில் இருக்கும்.