பின்சுவரைப் பூச வேண்டாம், அக்கா

அன்புள்ள அக்கா,

வீட்டை விற்றுவிடலாமா என்று போன வாரம் கேட்டாய். சிக்னல் சரியில்லை என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். சிக்னல் நன்றாகத்தான் இருந்தது, எனக்குத்தான் பதில் வரவில்லை.

தூத்துக்குடியை விட்டு வந்து 18 வருஷம் ஆகிறது. சென்னையில் யாராவது எந்த ஊர் என்று கேட்டால் இன்றைக்கும் பெருமையாகத்தான் சொல்கிறேன், அவர்களும் உடனே மக்ரூன் வாங்கி வரச் சொல்வார்கள். ஆனால் அங்கே சேர்ந்தாற்போல் மூன்று நாள் இருந்தால் மூச்சு முட்டுகிறது. பைப்பில் தண்ணீர் வரும் ராத்திரியில் அம்மா குடங்களை வரிசையாக வைத்துவிட்டுத் தூங்காமல் உட்கார்ந்திருந்தது, டியூஷன் முடிந்து பத்து நிமிஷம் பிந்தினாலும் தெருவே நம்மைக் கேள்வி கேட்டது, எல்லாம் அப்படியே திரும்பி வந்துவிடுகிறது. உனக்கும் அதே தெருதான், நீ எப்படி அங்கேயே இருந்தாய் என்று ஒருநாளும் நான் கேட்டதில்லை.

பின்சுவரில் காரை பெயர்ந்த இடம் நினைவிருக்கிறதா? பூப்பூவாகக் குழி விழுந்த கல்லில் விரல் வைத்து எண்ணுவோமே, அது பவளம். தாத்தா வீடு கட்டிய காலத்தில் கடலில் வெட்டி வள்ளத்தில் ஏற்றி வந்த கல்லைத்தான் சுவருக்கு வைத்தார்கள், சுண்ணாம்புக்கும் அதையே சுட்டார்கள். அப்படி வெட்டி வெட்டியே நம் ஊருக்கு எதிரே இருந்த விலாங்குசல்லித் தீவு கடலுக்குள் போய்விட்டது. மிச்சமிருக்கும் தீவுகளில் வான் தீவும் கரைவதால் அதைச் சுற்றிச் செயற்கைப் பவளத்திட்டுகளை இறக்கியிருக்கிறார்கள். இதைப் படித்த அன்று ரொம்ப நேரம் ஒன்றும் ஓடவில்லை. வெயில் காலத்தில் கன்னத்தை ஒட்டி வைத்துக்கொண்டு நின்ற சுவர் அது. ஒரு தீவை எடுத்துத்தான் அந்தக் குளிர்ச்சி நமக்குக் கிடைத்தது என்று தெரிந்த பிறகும் அந்தச் சுவர் மேல் ஆசை குறையவில்லை, அதுதான் என்னைப் படுத்துகிறது.

அப்புறம் அந்த 2023 டிசம்பர் மழை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் என்று டிவியில் சொல்கிறார்கள், உன் போன் இரண்டு நாளாகக் கிடைக்கவில்லை. ஊர் மேல் இருந்த கோபம் ஒன்றுகூட அப்போது ஞாபகம் வரவில்லை. இடுப்பளவு தண்ணீரில் நீயும் அத்தானும் அம்மாவை மாடிக்குத் தூக்கிக்கொண்டு போயிருக்கிறீர்கள். நான் ஐந்தாம் நாள் வந்து, இரண்டு நாள் சேறு அள்ளிவிட்டு, லீவு முடிந்தது என்று கிளம்பிவிட்டேன். நீ ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம் அக்கா.

இப்போது அம்மாவும் இல்லை, அந்தப் பெரிய வீட்டை ஒற்றை ஆளாகப் பெருக்க உன்னால் முடியவில்லை. நான் திரும்பி வந்து அங்கே வாழப் போவதில்லை. இதை இத்தனை நாள் உன்னிடம் சொல்லாமல் இருந்தது தப்பு. வராதவன் விற்காதே என்று சொல்வது நியாயமில்லை. நீ விற்கலாம் என்றால் சரி, கையெழுத்துப் போடுகிறேன்.

வாங்குகிறவர்கள் பார்க்க வருவதற்கு முன்னால் பின்சுவரைப் பூசிவிடலாம் என்று அத்தான் சொன்னாராம். அதை மட்டும் நான் வரும்வரை நிறுத்தி வை. வெள்ளிக்கிழமை முத்துநகர் எக்ஸ்பிரஸில் டிக்கெட் எடுத்திருக்கிறேன்.

உன் தம்பி