கண்ணாடிக்கு உள்ளே இருந்து

மெல்பர்ன்,
ஜூலை 6

அன்புள்ள அப்பாவுக்கு,

நல்லபடியாக வந்து சேர்ந்துவிட்டேன் என்று போனில் சொன்னேன். அதற்கு மேல் பேச்சு வரவில்லை. நேற்று முதியோர் இல்லத்தில் இரவு ஷிப்ட் முடித்து வந்து படுத்தால் தூக்கம் பிடிக்கவில்லை. சரி, எழுதியே விடலாம் என்று உட்கார்ந்துவிட்டேன்.

நான் கிளம்பிய அன்றைக்குப் பெங்களூரு தேவனஹள்ளி விமான நிலையத்தில் என்ன நடந்தது என்று உங்களுக்குத் தெரியாது அப்பா. டிக்கெட் இல்லாதவர்களை வாசலுக்கு உள்ளே விடமாட்டார்கள். காவலர் என் பாஸ்போர்ட்டைப் பார்த்துக்கொண்டிருந்தபோது நீங்கள் என் தோளில் கை வைத்து, "சரி, போய்ட்டு வா" என்றீர்கள், அவ்வளவுதான். உள்ளே போனதும் திரும்பிப் பார்த்தேன். காலை வெயில் கண்ணாடியில் அடித்ததால் வெளியே இருந்த உங்களுக்கு உள்ளே இருப்பவர்கள் மங்கலாகத்தான் தெரிந்திருப்பார்கள். எனக்கு நீங்கள் நன்றாகத் தெரிந்தீர்கள். என்னைப் போலவே நீலச் சுடிதார் போட்ட வேறொரு பெண்ணைப் பார்த்துக் கை காட்டிக்கொண்டிருந்தீர்கள். அவள் போன பிறகும் கையை இறக்கவில்லை. நான் பெட்டியைப் போட்டுவிட்டு வந்து பார்த்தேன், அப்போதும் நின்றீர்கள். நாற்பது நிமிடம். சேலத்திலிருந்து 230 கிலோமீட்டருக்கு மேல், ராத்திரி இரண்டு மணிக்குக் கிளம்பி, ஒரு நாள் பட்டறை வேலையை விட்டுவிட்டு வந்து, எனக்குப் பதிலாக யாரோ ஒரு பெண்ணுக்குக் கை காட்டினீர்கள். ஓடி வந்து கண்ணாடியைத் தட்டியிருக்க வேண்டும். அழுகிற முகத்தை நீங்கள் பார்க்கக் கூடாது என்று நின்றுவிட்டேன். அது தப்புதான்.

அப்புறம் பாதுகாப்புச் சோதனையில் கொலுசு சத்தம் போட்டது. நீங்கள் பற்றவைத்த கொலுசு. கழற்றித் தட்டில் வைக்கச் சொன்னார்கள். அந்தப் பெண் காவலர் கையில் எடுத்துப் பார்த்து, "எந்த ஊர்?" என்று கேட்டார். சேலம் என்றேன். "எங்கம்மாவும் சேலத்துக் கொலுசுதான் போட்டிருக்காங்க" என்றார். பக்கத்தில் இருந்த நாற்காலியைக் காட்டி, உட்கார்ந்து திருகாணியைப் போடுங்கள் என்று சொன்னார். அன்று எனக்குக் கிடைத்த நல்ல வார்த்தை அதுதான்.

சிங்கப்பூருக்கு நாலரை மணி நேரம். அங்கே தமிழும் ஆட்சிமொழி, விமான நிலையத்தில் அங்கங்கே நம் எழுத்து கண்ணில் படும். வரும்போது பார்த்தால் ஊர் பக்கத்தில் வந்துவிட்டது என்று சந்தோஷமாக இருக்கும். போகும்போது அதே எழுத்தைப் பார்க்காமல் நடந்துவிடுவேன். அங்கிருந்து மெல்பர்னுக்கு இன்னும் ஏழரை மணி நேரம்.

அம்மாவிடம் சொல்லுங்கள்: சேலைக்குள் சுற்றி வைத்த குண்டு மாம்பழத்தை விமானத்திலேயே கண்டுபிடித்துவிட்டேன். இந்த நாட்டுக்குள் பழம், விதை, பச்சைக் கறிவேப்பிலை எதுவும் கொண்டுவர விடமாட்டார்கள். பூச்சியும் நோயும் பயிருக்கு வந்துவிடும் என்று பயம். மோப்ப நாய் கூடப் பெட்டிகளை முகர்ந்துகொண்டு போகும். மறைத்தால் பெரிய அபராதம், வருகை அட்டையில் எழுதிக் கொடுத்துவிட்டால் பழம் மட்டும்தான் போகும். எழுதிக் கொடுத்தேன். ஏற்காட்டுக் காப்பித்தூள் வறுத்து அரைத்தது என்பதால் விட்டுவிட்டார்கள். அம்மா, கோபித்துக்கொள்ளாதே, அந்தச் சேலையை இன்னும் துவைக்கவில்லை.

இங்கே இப்போது குளிர்காலம். சாயங்காலம் ஐந்தேகாலுக்கெல்லாம் இருட்டிவிடுகிறது. மாம்பழம் இங்கே மார்கழி, தையில்தான் வரும், குவீன்ஸ்லாந்திலிருந்து. நன்றாகத்தான் இருக்கிறது, குறை சொல்ல மாட்டேன். வேலையும் நல்ல வேலை. இல்லத்தில் ஒரு பாட்டி தினமும் சாயங்காலம் கைப்பையை எடுத்துக்கொண்டு, "என் மகன் கூட்டிப்போக வருவான்" என்று கதவருகே உட்கார்ந்துவிடுவார். முன்பெல்லாம் பேச்சுக் கொடுத்து அறைக்கு அழைத்துப் போவேன். ஊரிலிருந்து வந்த பிறகு, கொஞ்ச நேரம் நானும் அவர் பக்கத்தில் உட்காருகிறேன்.

நீங்கள் ஒவ்வொரு தடவையும் கேட்பீர்களே, நம்ம சேலம் காமலாபுரம் விமான நிலையத்திலேயே வந்து இறங்கினால் என்ன என்று. அங்கே சின்ன விமானங்கள்தான் வந்து போகின்றன. 2018-இல் மறுபடி விமானம் விட்டபோது நீங்கள் பட்டறையிலிருந்து எழுந்து வந்து வானத்தைப் பார்த்ததை அம்மா சொல்லியிருக்கிறாள். ஆனால் எனக்குத் தேவனஹள்ளி வழிதான் பிடித்திருக்கிறது. ஓசூர் எல்லை வந்ததும் கடைப் பலகைகள் தமிழுக்கு மாறும். தொப்பூர் இறக்கத்தில் லாரிகள் ஊர்ந்து போகும்போது நீங்கள் டிரைவரிடம் "மெதுவா, மெதுவா" என்பீர்கள். தீவட்டிப்பட்டி தாண்டினால் இடது பக்கம் சேர்வராயன் மலை. அதைப் பார்த்த பிறகுதான் வந்துவிட்டேன் என்று நம்புகிறேன். அதுவரைக்கும் எந்த விமான நிலையமும் இடையில் கிடக்கிற இடம்தான்.

அடுத்த வருஷம் ஆடிக்கு லீவு கேட்டிருக்கிறேன், கோட்டை மாரியம்மன் பண்டிகைக்கு இருக்கலாம். இடது கால் கொலுசில் திருகாணி லூசாகிவிட்டது, இங்கே யாரிடமும் கொடுக்க மனசு வரவில்லை. நூல் கட்டிப் போட்டிருக்கிறேன்.

வழியனுப்ப வரவேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். வாருங்கள். ஆனால் வாசலுக்கு நேராக நிற்காதீர்கள், அங்கே வெயில் அடிக்கிறது. வலது பக்கம் மூன்றாவது தூணுக்குப் பக்கத்தில் நிழல் இருக்கிறது. நெற்றியில் கை வைத்துப் பார்த்தால் உள்ளே வரிசை வரைக்கும் தெரியும். நான் அங்கே வந்து நிற்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் பெரிய மகள்