கொஞ்சினால் உப்புக் கரிக்கும் நெற்றி

ஆசிரியர் அவர்களுக்கு,

என் தங்கையின் பேத்திக்கு ஓயாத இருமல். இரண்டு வருடமாக ‘முட்டு’ (ஆஸ்துமா) என்றே மருந்து கொடுத்தார்கள். பிள்ளையைக் கொஞ்சினால் நெற்றி உப்புக் கரிக்கிறது என்று தங்கை சொன்னதை ஒருவரும் காதில் வாங்கவில்லை. கடைசியில் வியர்வையிலுள்ள உப்பை அளந்த பிறகுதான் சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் என்று தெரிந்தது; நுரையீரலிலும் குடல் பகுதியிலும் சளி கட்டியாகித் தேங்கும் பரம்பரை நோய் அது.

இது வெள்ளைக்காரருக்கு வரும் நோய் என்ற எண்ணம் எங்களிடம் இன்னும் போகவில்லை. தாய், தகப்பன் இருவரிடமிருந்தும் பழுதான சிஎஃப்டிஆர் (உடலில் உப்பின் போக்குவரத்தைக் கவனிக்கும்) மரபணு வந்தால் நோய் வரும், அவ்வளவுதான். மச்சான், மச்சாள் என்று சொந்தத்துக்குள்ளேயே கலியாணம் கட்டும் ஊரில் இதை ஒதுக்கிவிட முடியுமா?

அந்த மரபணுவை 1989 இல் கண்டுபிடித்தார்கள். 2019 இல் அமெரிக்காவில் மூன்று மருந்துகள் சேர்ந்த மாத்திரைக்கு அனுமதி கிடைத்தது. (விலையைக் கேட்டால் தலை சுற்றும்.) ஆனால் அது எல்லா மரபணு மாற்றங்களுக்கும் வேலை செய்வதில்லை. மேற்கில் அதிகம் காணப்படும் மாற்றம் தெற்காசியரிடம் அந்தளவுக்கு இல்லை. முன்பு இந்நோயால் சிறுவயதிலேயே இறந்தார்கள்; இன்று மேற்கில் பலர் நடுவயதை எட்டுகிறார்கள். அதனால் நீரிழிவு, எலும்பு மெலிதல், ஈரல் பாதிப்பு பற்றியெல்லாம் அங்கே ஆராய்கிறார்கள். சரி, எங்கள் பிள்ளைகளை யார் கணக்கெடுப்பது? யாழ். மருத்துவ பீடம் ஒரு பதிவேட்டையாவது தொடங்கலாமே.

வாசகர் ஒருவர்,
நல்லூர்.